புறணி வைத்த ரவிக்கை: தேக்கா தையல்கடை ஒன்று கூகுளில் மேலே வந்த கதை

2024-இல் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. அது முடிந்த அடுத்த வாரம், சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்று சொல்லும் தேக்காவில் இருக்கிற தையல்கடைகளில் எல்லாம் மிஷின் சத்தம் அடங்கி, ஆட்கள் கழுத்தை நிமிர்த்தி மூச்சு விடுகிற நேரம். அப்போதுதான் அங்கே தையல்கடை வைத்திருக்கிற அக்கா போன் செய்தார்.

“தம்பி, கூகுள்ல தேடுனா நம்ம கடை வரவே மாட்டேங்குது. நாலு மொழியில வெப்சைட் போட்டா தானா மேல வந்துடும்னு சொல்லித்தான் காசு வாங்குனாங்க. நாலு மொழியும் இருக்கு, ஒரு ஆளும் வரல. என்னன்னு கொஞ்சம் பாரேன்.”

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடுநிலையான ஆய்வு இல்லை. அக்கா என் அம்மாவுக்கு நீண்ட நாள் பழக்கம். என் கூலியும் பணமாக வரவில்லை, என் மனைவிக்கு ஆறு ப்ளவுஸாக வந்தது. ஆனால் சின்னக் கடைகளுக்குத் தளம் செய்து கொடுப்பதுதான் எனக்கு வேலை, பன்மொழித் தளம் என்றால் என்ன என்று எல்லாரும் நினைப்பதற்கும் நிஜத்தில் அது செய்கிற வேலைக்கும் இருக்கிற இடைவெளியை இந்தக் கடையில் பார்த்த மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடை சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே ஐந்தடி நடைபாதையில் நின்றால் அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, அதையும் கீழ்க்கடையில் தொங்கும் மாலைகள் பாதி மறைத்துவிடும். ஆகவே புதிதாக வருகிறவர் யாரும் கண்ணால் பார்த்து ஏறி வருவதில்லை. ஒன்று யாராவது சொல்லி வர வேண்டும், இல்லை போனில் தேடி வர வேண்டும்.

நான்கு கொடிகள்

தளத்தைத் திறந்ததும் மேலே வலது மூலையில் நான்கு கொடிகள். ஆங்கிலத்துக்கு பிரிட்டன், தமிழுக்கு இந்தியா, மலாய்க்கு மலேசியா, சீனத்துக்குச் சீனா. நான்குமே சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள், கடையோ தேக்காவில், ஆனால் சிங்கப்பூர்க் கொடியைத் தவிர எல்லாம் இருந்தது. கொடி என்பது நாட்டுக்கு, மொழிக்கு இல்லை என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

சரி, தமிழைத் தட்டினேன். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது ‘சேலை வீழ்ச்சி’ ஆகியிருந்தது. ஆல்டரேஷன் வெறும் ‘மாற்றம்’. லைனிங் ப்ளவுஸ் ‘புறணி ரவிக்கை’. அகராதியைப் புரட்டினால் புறணிக்கு வேறு பொருள்களும் கிடைக்கும்தான், ஆனால் நம் ஊரில் புறணி என்றால் அடுத்தவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அது தைக்கும்போது நாங்க பேசுறது தம்பி, அதுக்குத் தனியா காசு வாங்குறதில்ல.”

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். யாரும் திருத்திப் பார்க்காத இயந்திர மொழிபெயர்ப்பை மொத்தமாகக் கொட்டி வைப்பது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்குள் வந்துவிடக்கூடிய விஷயம். இங்கே அதுவரைகூடப் போகவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கங்களைக் கூகுள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. உள்ளே குறியீட்டைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. தமிழ், மலாய், சீனப் பக்கங்கள் மூன்றிலும் இருந்த கனானிக்கல் வரி ஆங்கிலப் பக்கத்தைக் காட்டியது. அதாவது ‘நான் நகல்தான், அசல் அங்கே இருக்கிறது’ என்று ஒவ்வொரு பக்கமும் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் கருவியான சர்ச் கன்சோலும் அதையே சொன்னது: மூன்றும் மாற்றுப் பக்கங்கள், அசல் வேறு. காசு கொடுத்துப் போட்ட மூன்று மொழிகளும் கூகுளைப் பொறுத்தவரை கிடையாது.

அதற்குக் கீழே இன்னொரு வேடிக்கை. எந்தப் பக்கம் எந்த மொழி என்று சொல்வதற்கு எச்ரெஃப்லாங் என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் முதலில் வர வேண்டியது இரண்டெழுத்து மொழிக் குறியீடு, நாட்டுக் குறியீடு வேண்டுமானால் அதற்குப் பிறகுதான். தளத்தைச் செய்தவர் நாட்டை வைத்து எழுதிவிட்டார். ஆங்கிலத்துக்கு எஸ்-ஜி என்று போட்டிருந்தார், மொழிக் குறியீடாக அது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேசும் சாங்கோ. மலாய்க்கு எம்-ஒய், அது பர்மிய மொழி. சீனத்துக்கு சி-என், தமிழுக்கு டி-எம், இந்த இரண்டு பெயரிலும் மொழியே கிடையாது. சரியானவை ஆங்கிலத்துக்கு இ-என், மலாய்க்கு எம்-எஸ், சீனத்துக்கு இசட்-எச், தமிழுக்கு டி-ஏ. ஆக, நம் அக்கா சாங்கோவிலும் பர்மிய மொழியிலும் ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பதாக அறிவித்திருக்கிறார்! முன்பெல்லாம் சர்ச் கன்சோலில் இந்தப் பிழைகளைக் காட்டும் அறிக்கை ஒன்று இருந்தது, 2022-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது நாமாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

குறியீட்டைச் சரி செய்ய ஒரு சாயங்காலம் போதும். ஒவ்வொரு பக்கமும் தன்னையே அசலாகக் காட்ட வேண்டும், மற்ற மொழிப் பக்கங்களை அது சுட்டினால் அவையும் திரும்ப அதைச் சுட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் ஒன்றை யோசித்தேன். ‘சேலை வீழ்ச்சி’யைப் பட்டியலில் சேர்த்து யாருக்கு என்ன லாபம்?

மேப் வேறு கதை

அக்கா சொன்ன ‘கூகுள்ல வரல’ என்பது உண்மையில் மேப்போடு சேர்த்து மூன்று கடைகளைக் காட்டுகிற அந்தப் பெட்டியில் வரவில்லை என்பதுதான். உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்வது மூன்று காரணங்கள்: தேடியதற்குப் பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடையின் பிரபலம். மொழி அந்தப் பட்டியலில் இல்லை. தமிழில் பக்கம் போட்டால் மேப்பில் குத்திய ஊசி தீவின் வடக்கே இருக்கிற உட்லண்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடாது.

மேப்பில் கடையின் விவரங்களைக் காட்டும் கூகுள் பக்கமான பிசினஸ் புரொஃபைலைத் திறந்து பார்த்தால், கடையின் முதன்மை வகை ‘துணிக்கடை’ என்று இருந்தது. தையல்காரர் என்றே தனி வகை இருக்கிறது, உடை திருத்தும் சேவைக்கும் தனி வகை உண்டு. துணிக்கடை என்று போட்டுவிட்டால் தேக்காவில் எத்தனை துணிக்கடையோடு மோத வேண்டும், யோசித்துப் பாருங்கள். அதோடு ஊசி பின்சந்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தது. வந்தவர்கள் அங்கே போய் நின்றுகொண்டு போன் செய்வார்கள், அக்கா ஜன்னல் வழியாகக் கை காட்டுவார். இதற்கெல்லாம் மேல், தமிழ்ப் பெயரில் இரண்டாவதாக ஒரு புரொஃபைலும் யாரோ திறந்து வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் ஒரே கடைக்கு மொழிக்கு ஒன்றாகப் புரொஃபைல் வைப்பது விதிக்குப் புறம்பு, விமர்சனங்களும் இரண்டாகப் பிரிந்து போகும்.

இரண்டையும் ஒன்றாக்கினோம், வகையை மாற்றினோம், ஊசியைப் படிக்கட்டு வாசலுக்கு நகர்த்தினோம். கடைப் பெயரோடு ‘சிறந்த ப்ளவுஸ் தையல் லிட்டில் இந்தியா’ என்று ஒட்ட வைத்திருந்ததை எடுத்துவிட்டுப் பலகையில் இருக்கிற பெயரை மட்டும் வைத்தோம். அக்காவுக்கு இதில் வருத்தம்தான். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஃபால்ஸ், பீக்கோ இலவசம் என்று கல்லாப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையையும் கிழிக்கச் சொன்னேன், சலுகை கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுளில் தடை. அதற்குப் பதிலாக, துணி வாங்க வருகிறவரிடம் வாயால் ஒரு வார்த்தை கேட்பது, எந்த மொழியில் எழுதுகிறார்களோ அந்த மொழியிலேயே பதில் போடுவது. தமிழில் வந்த விமர்சனத்துக்குத் தமிழில் பதில் போட்டால் அதைப் படிக்கிற அடுத்த ஆளுக்கு இங்கே தமிழில் பேசலாம் என்று தெரிந்துவிடுகிறது. இதற்கு இணையதளமே தேவையில்லை.

வேண்டுமென்றே இந்த வேலையை முதலில் முடித்துவிட்டு, மொழிப் பக்கங்களைத் தொடாமல் சில வாரம் விட்டேன். இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தால் எது எதனால் நடந்தது என்று தெரியாமல் போயிருக்கும். சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் இல்லை, என் கால்தான். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசல், ஃபேரர் பார்க், ஜாலான் புசார் என்று மூன்று இடத்தில் நின்று அதே தேடலைப் போட்டுப் பார்ப்பேன். டிசம்பர் நடுவில் லிட்டில் இந்தியா வாசலில் மூன்றில் ஒன்றாக வந்தது. ஃபேரர் பார்க்கில் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஜாலான் புசாரில் இல்லை. கூகுள் பட்டியலில் தமிழ்ப் பக்கம் ஒன்றுகூட இல்லாமல் வந்த பலன் இது, அதனால்தான் ‘பன்மொழித் தளம் போட்டால் மேப்பில் ஏறிவிடும்’ என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கல்லாவில் ஒரு நோட்டு

அப்படியானால் மொழிப் பக்கம் எதற்கு? இங்கேதான் எனக்கே தெரியாத ஒன்று தெரிய வந்தது.

தமிழில் என்ன தேடுகிறார்கள் என்று கருவியில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மிகச் சிலர் மட்டும் தேடும் சொற்களைச் சர்ச் கன்சோல் தனியுரிமைக்காக மறைத்துவிடும், சிங்கப்பூர் அளவில் தமிழ்த் தேடல்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் போய்விடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3. இதை வைத்துத் தமிழ்ப் பக்கம் வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் அடங்கிய கணக்கு. வேலை அனுமதியில் வந்திருக்கிறவர்கள், அவர்கள் குடும்பங்கள் அதில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். வருகிற ஒவ்வொருவரும் முதலில் வாயைத் திறந்து என்ன கேட்கிறார்கள், எந்த மொழியில், அதை அப்படியே எழுதணும். அக்கா முனகிக்கொண்டேதான் எழுதினார். ஒரு மாதம் கழித்து வாங்கிப் பார்த்தேன், மூன்று கடைகள் இருந்தன.

தமிழில் பேசி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ப்ளவுஸுக்கு. ‘லைனிங் வச்சு எவ்வளவு?’, ‘கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் செய்வீங்களா?’, ‘அளவு ப்ளவுஸ் கொண்டு வந்தா போதுமா?’, ‘சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?’ ரவிக்கை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. லிட்டில் இந்தியா என்று சொன்னவர்கள் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்தவர்கள், இங்கேயே வளர்ந்தவர்களுக்கு அது தேக்கா.

மலாயில் வந்தவர்களுக்கு பாஜு குரோங், மலாய்ப் பெண்களின் பாரம்பரிய உடை. அக்கா கல்யாணத்துக்கு முன்னால், மலாய்க்காரர்கள் அதிகம் புழங்கும் கெய்லாங் சிராயில் ஒரு மலாய் அம்மாவிடம் வேலை பார்த்தவர், குரோங்கில் வைக்கும் பெசாக், கெக்கெக் என்ற துணித் துண்டுகள் எல்லாம் கை பழகியது. இது தளத்தில் எங்கேயும் இல்லை! ஆங்கிலப் பக்கத்தில் ‘எல்லா உடையும் தைக்கப்படும்’ என்று ஒரு வரி, அதன் மலாய் மொழிபெயர்ப்பு, அவ்வளவே. அவர்கள் கேட்கிற வார்த்தை ‘ஊப்பா ஜாஹிட்’, தையல் கூலி எவ்வளவு என்று. சீன வாடிக்கையாளர்கள் வந்தது வேறெதற்கும் இல்லை, ‘காய் யீஃபு’, அதாவது துணி திருத்த. பேன்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, ஒரு மணி நேரத்தில் கொடுப்பீர்களா?

ஒரே கடைதான், ஒரே அக்காதான். ஆனால் மொழி மாறினால் வேலை மாறுகிறது, வேலை மாறினால் கேள்வி மாறுகிறது. அப்புறம் எப்படி ஒரே ஆங்கிலப் பக்கத்தை மூன்று மொழிக்குப் பெயர்த்து வைத்தால் பலன் வரும்?

பக்கங்களை எழுதியது

பழைய மூன்றையும் தூக்கிப் போட்டோம். தமிழுக்கு மூன்று பக்கம், மலாய்க்கு இரண்டு, சீனத்துக்கு ஒன்றே ஒன்று. எல்லா மொழியிலும் எல்லாப் பக்கமும் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிற பக்கங்களை மட்டும் எச்ரெஃப்லாங்கில் கோர்த்தால் போதும்.

தமிழை நான் எழுதினேன், நோட்டில் இருந்த கேள்விகளையே தலைப்பாக வைத்து. ப்ளவுஸ் என்றே எழுதினேன், ரவிக்கை ஒரே ஒரு இடத்தில். தேக்கா, லிட்டில் இந்தியா இரண்டும் வழி சொல்லும் பகுதியில் இயல்பாக வந்தன: எந்த எம்ஆர்டி வாசல், எந்தப் பக்கம் திரும்பணும், எந்தப் பூக்கடைக்கு மேலே. முகவரியை மட்டும் எல்லா மொழியிலும் ஆங்கிலத்திலேயே விட்டேன், ஆறு இலக்க அஞ்சல் எண்ணோடு, புரொஃபைலில் இருக்கிற அதே வடிவத்தில். தெருப் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தமிழில் எழுதுவோம், டாக்ஸிக்காரருக்குக் காட்டவும் ஆங்கிலம்தான் வேண்டும்.

பக்கத்தின் இணைய முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்க ஆசைப்பட்டேன். வைத்துப் பார்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும், நான்கு சொல்லுக்கு அரைப் பக்கம் நீளத்தில் குப்பை மாதிரி ஒரு சுட்டி. அதை யாரும் தட்ட மாட்டார்கள், மோசடிச் சுட்டி என்று நினைப்பார்கள். டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன் 2011 முதல் இந்த நாட்டுக்கு இருக்கிறது, பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைப் பலகையில் அச்சடிக்க அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய தமிழ் விளம்பரத் தாள் ஒன்றைக் கொடுத்து “இதுல இருக்கறத அப்படியே போடு” என்றார். கோப்பைத் திறந்து நகலெடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துக் கூளம், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. 1997-லேயே தமிழ் இணையத்துக்காக மாநாடு நடந்த ஊர் இது, நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்த ஊர். இன்னமும் தமிழை மட்டும் படமாகவோ பழைய எழுத்துருவிலோ வைத்திருக்கும் தளங்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கூகுள் ஒரு பக்கத்தின் மொழியைக் கண்டுபிடிப்பது அதில் தெரியும் எழுத்தை வைத்துத்தான், படத்துக்குள் கிடக்கிற தமிழை நம்பி இருக்க முடியாது.

பொத்தான் விஷயத்தில் ஒரு நாள் போனது. ‘முன்பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று எழுதினால் போன் திரையில் மூன்று வரியாக மடிந்து பக்கத்தில் இருந்த வாட்ஸ்அப் பொத்தானைத் தள்ளிவிட்டது. ‘நேரம் கேளுங்கள்’ என்று மாற்றியதும் உட்கார்ந்தது. தேடல் முடிவில் வரும் தலைப்புக்கும் இதே கதி, இடம் எழுத்தின் அகலத்தைப் பொறுத்தது, தமிழ் சீக்கிரம் வெட்டுப்படும். முக்கியமான சொல் முதலில் வர வேண்டும், கடைப் பெயர் கடைசியில்.

மலாய்ப் பக்கத்தை அந்தக் கெய்லாங் சிராய் மாச்சிக்கே (அக்கா வேலை பார்த்த அதே மலாய் அம்மா) வாய்ச்சொல்லாகச் சொல்ல, அவர் மகள் தட்டச்சு செய்தார். எனக்கு அதில் ஒரு வரியும் முழுசாகப் புரியவில்லை, அதுதான் சரி என்று தோன்றியது. சீனப் பக்கம் விலைப்பட்டியலும் வழியும் மட்டும்.

என்ன நடந்தது

பக்கங்கள் 2025 ஜனவரி கடைசியில் ஏறின, ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள், மார்ச் 31. பிப்ரவரி நடுவிலிருந்து நோட்டில் மலாய் வரிகள் கூடிக்கொண்டே போயின, அதில் புது முகங்கள் அதிகம், ‘போனில் பார்த்தேன்’ என்று சொன்னவர்கள். மேப்புக்குக் கீழே வரும் சாதாரணத் தேடல் முடிவுகளில் மலாய்ப் பக்கம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது, நான் தீவின் மேற்கே ஜூரோங்கில் நின்று தேடினாலும். மேப் தூரத்தைக் கணக்குப் பார்க்கும், இந்த முடிவுகள் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. கிழக்கே தெம்பனீஸிலிருந்து துணியோடு கிளம்பி வருகிறவரை மேப் கொண்டுவரவில்லை, அந்தப் பக்கம்தான் கொண்டுவந்தது.

தமிழ்ப் பக்கம் மெதுவாகத்தான் நகர்ந்தது. பலர் தமிழில் தட்டுவதே இல்லை, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், இல்லை மைக்கில் பேசுவார்கள். கூகுளின் பேச்சு அறிதலில் இந்தியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனித் தெரிவே உண்டு, பேசினால் திரையில் தமிழ் எழுத்தாக விழும், அங்கே எங்கள் பக்கம் வரும், போட்டியே கிடையாது. ஆங்கில எழுத்துத் தமிழுக்குத் தனிப் பக்கம் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், பார்க்கச் சகிக்காது. தமிழ்ப் பக்கத்தின் நிஜமான வேலை வேறு என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் தேடி வந்தவரும் தமிழுக்கு மாற்றி அளவு ப்ளவுஸ் பற்றிய பகுதியைப் படித்துவிட்டுத்தான் போன் செய்கிறார், “தளத்தில் போட்டிருந்தீங்களே” என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

சீனப் பக்கம் சுமார்தான், மதிய இடைவேளையில் பேன்ட் கொண்டுவரும் சிலர். வரைபடம் போட்டுக் காட்டலாம்தான், ஆனால் பண்டிகை மாதத்தில் எந்தத் தையல்கடைக்கும் கோடு ஏறத்தான் செய்யும், அதை என் சாமர்த்தியம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

2025 தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் கடைசியிலேயே அக்காவுக்குத் தாங்கவில்லை. “புது ஆர்டர் எடுக்கறதில்லைன்னு போட்டுடு தம்பி.” ஆங்கிலத்திலும் தமிழிலும் உடனே போட்டேன். மலாய்க்கு மாச்சிக்கின் மகளிடம் வரியைக் கேட்டு அனுப்பினேன், அவர் அனுப்பினார், நான் ஏற்ற மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு மலாய்ப் பெண் தங்கை கல்யாணத்துக்கென்று நான்கு மீட்டர் துணியோடு மாடி ஏறி வந்திருக்கிறார், போனில் பக்கத்தைத் திறந்து காட்டி, ஆர்டர் எடுக்கிறீர்கள் என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், ராத்திரி பதினொன்றரைக்கு என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஹேங்கரில் தொங்கும் பச்சை பாஜு குரோங், இஸ்திரி போட்டு முடித்தது. கீழே ஒரே வரி: “மலாய்ல மாத்திட்டியா இல்லையா?”